பால் எங்கே காய்ச்சுவீர்கள்?

கௌரி அக்கா ஒரு வீட்டைப் பொறுப்பெடுத்தால், அளவு நாடாவுக்கு முன்னர் ஒரு படிவத்தைத்தான் வெளியே எடுப்பார். அதில் முப்பத்தொரு கேள்விகள். யாருக்கு முழங்கால் வலி, விடிய முதலில் எழும்புவது யார், சாமிப் படங்கள் எத்தனை, கனடாவிலிருந்து ஆட்கள் வந்தால் எங்கே படுப்பார்கள். முதலாவது கேள்வி மட்டும் எந்த வீட்டுக்கும் மாறாது: குடிபுகும் அன்று பால் எங்கே காய்ச்சுவீர்கள்?

வெள்ளவத்தை ஆட்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். "அடுப்பிலதான் பிள்ளை, வேற எங்க?" என்பார்கள். கௌரி அக்கா சிரிக்கமாட்டார். என்ன அடுப்பு, என்ன பானை, பால் எந்தப் பக்கம் வழியவேண்டும், சுற்றி எத்தனை பேர் நிற்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவார். இப்போது எல்லோரும் விரும்புவது இன்டக்சன் அடுப்பு. கறுப்புக் கண்ணாடி, நெருப்பு இல்லை, துடைத்தால் பளபளக்கும். ஆனால் காந்தம் ஒட்டுகிற பாத்திரம் மட்டும்தான் அதில் சூடாகும். பால் காய்ச்ச வருகிறவர்கள் கொண்டுவருவதோ பித்தளைப் பானை, இல்லாவிட்டால் மண்பானை. ஆகவே, "ஓரமா ஒரு ஒற்றைக் காஸ் அடுப்பு கட்டாயம் வையுங்கோ" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார். இந்த ஒரு சொல்லுக்காகவே அவரைத் தேடிவந்த வீடுகள் உண்டு.

அன்னபாக்கியம் அன்ரியின் படிவத்தில் அந்த முதலாவது கேள்வி பேனையால் வெட்டப்பட்டிருந்தது.

நான் கௌரி அக்காவிடம் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒன்றரை வருடம். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். சமூகவியல் படித்தேன், சடங்குகள் பற்றிய பாடத்தில் நல்ல புள்ளி. வேலை கிடைக்காமல் ஆறு மாதம் கணினியில் வரைபடம் கீறப் பழகிக்கொண்டு இங்கே வந்தேன். ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் யார்டில் வேலை செய்யும் என் அப்பா, "பட்டம் எடுத்த பிள்ளை, இப்ப அலுமாரி கீறுது" என்று ஆட்களுக்குச் சொல்வார். பெருமையாகவா கேலியாகவா சொல்கிறார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கௌரி அக்கா பல்கலைக்கழகம் போகவில்லை. வீடுகளை அவர் படித்தது சன்னல் வழியாக. கொட்டாஞ்சேனையில் அவருடைய அம்மா ஒரு கடைக்குத் திரைச்சீலை தைத்துக்கொடுத்தார். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் நாடாவோடு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறி, சன்னல்களை அளந்து வருவாள். தைத்து முடிந்ததும் கொண்டுபோய்க் கொழுவிவிட்டு வருவாள். "சன்னலை அளக்கேக்க வீட்டுக்காரர் உன்னைப் பாக்கமாட்டினம்," என்று எனக்கு ஒருமுறை சொன்னார். "நீ எல்லாத்தையும் பாக்கலாம்." எந்த வீட்டில் மருமகளுக்கு அலுமாரி இல்லை, எந்த வீட்டில் வேலைக்காரப் பிள்ளை சமையலறைத் தரையில் படுக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு மாலை வகுப்பில் டிப்ளோமா. பிறகு ஒரு சமையலறைப் பான்றி அலுமாரி, ஒரு சாமி அறை, ஒரு முழு வீடு. முப்பத்தொரு வயதில், கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே அவருக்கென்று ஒரு அலுவலகம் இருந்தது. சொந்த வீடு இல்லை. தாயும் மகளும் ஏழாவது வாடகை வீட்டில் இருந்தார்கள்.

அன்னபாக்கியம் அன்ரியின் வீடு கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஐந்தாம் மாடியில். முன்பு அங்கே அவருடைய பழைய வீடு நின்றது. அதை இடித்து மாடி கட்டியவர்கள், நிலத்துக்குப் பதிலாக அவருக்கு ஒரு வீடு கொடுத்தார்கள். வெறும் சுவரும் சீமெந்துத் தரையுமாகக் கிடந்த அதை வீடாக்குவது எங்கள் வேலை. ரொறன்ரோவில் இருக்கும் மகன் கார்த்திகன் வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் முடிவு செய்தார்.

முதல் நாள் அன்ரி எங்களுக்குப் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி தந்தார். எழுபத்தைந்து வயது, தங்க ஃபிரேம் கண்ணாடி, சேலையில் ஒரு சுருக்கம் இல்லை.

"பிள்ளை எவடம்?" என்று கௌரி அக்காவைக் கேட்டார்.

"கொட்டாஞ்சேனை, அன்ரி."

"அது இருக்கிற இடம். நான் ஊரைக் கேட்டனான்."

"சின்ன வயசிலயே வந்திட்டம். ஊர் ஞாபகமில்லை."

கௌரி அக்கா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்ரியின் முகத்தை அவர் பார்த்த பார்வையும் எனக்குப் புதிது. அளவெடுக்கிற பார்வை.

மகன் திரையில் வந்து, "காஸ் வேண்டவே வேண்டாம். தட்டுப்பாட்டு வருசம் அம்மா சிலிண்டருக்கு லைன்ல நிண்டவ. முழுக்க இன்டக்சன் போடுங்கோ," என்றார். பொருத்தமான பாத்திரங்களைத் தானே பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்புவதாகவும் சொன்னார்.

"சரி அண்ணா," என்றார் கௌரி அக்கா. "எழுதி அனுப்புறன், சைன் பண்ணுங்கோ."

நான் பொறுத்திருந்தேன். ஒற்றைக் காஸ் அடுப்புப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

ஆனால் இரண்டு கிழமை கழித்து, மகனுக்கு அனுப்பாத இன்னொரு வரைபடம் கீறச் சொன்னார். சமையல் மேடையின் ஓரத்தில் ஒரு பூட்டுப்போட்ட அலுமாரி. அதற்குள் ஒற்றைக் காஸ் அடுப்பு. சுவருக்குள்ளால் போகும் குழாய். பின் பல்கனியில் சிலிண்டர். எங்கள் தச்சர் சப்ரி அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"என்ன மிஸ் இது? அடுப்ப வெச்சுப் பூட்டுப் போடுறீங்க. அடுப்பென்ன ஓடியா போகும்?"

"போகாது சப்ரி நானா. அதுதான் பூட்டுறன்."

அன்று பின்னேரம் காலி வீதியில் முச்சக்கரவண்டி நகராமல் நின்றபோது நான் காரணம் கேட்டேன். கௌரி அக்கா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

இரண்டாயிரத்து ஆறில் அவர்கள் மூன்று பேர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள்: அப்பா, அம்மா, பன்னிரண்டு வயது கௌரி. அப்பாவுக்கு இருதய வருத்தம். கொழும்பில் காட்ட வந்தவர்கள். அன்னபாக்கியம் அன்ரியின் வீட்டுக்குப் பின்னால் இருந்த அனெக்ஸ் வாடகைக்குக் கிடைத்தது. வந்த அன்று அம்மா ஒரு பைக்கற் பசும்பால் வாங்கி, வாசலில் மண்ணெண்ணெய் அடுப்பை வைத்துப் பாலை ஏற்றினார். பால் பொங்கி விளிம்புக்கு வரும் நேரம் அன்ரி பின்கதவால் வந்தார்.

"ஆர் உங்களைப் பால் காய்ச்சச் சொன்னது? வாடகைக்கு வந்தவை பால் காய்ச்சுறதில்லை. இந்த நிலத்தில பால் பொங்கினா எங்களுக்குத்தான் பொங்கவேணும்."

சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் சட்டியைப் பிடித்து, பாலை வாசலோரக் கழிவுநீர்க் கானுக்குள் ஊற்றினார். வெறும் சட்டியைத் திருப்பி அடுப்பில் வைத்துவிட்டுப் போனார்.

வந்த ஐந்தாம் மாதம் அப்பா அந்த அனெக்சில் இறந்தார்.

"இருதய வருத்தம் பாலால வராது, அக்கா," என்றேன் நான். படித்த பிள்ளை அல்லவா.

"எனக்குத் தெரியும். டொக்டருக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது." தொடர்ந்து சொன்னார்: "பிறகு ஏழு வீடு மாறியாச்சு. ஒரு வீட்டிலயும் அவ பால் காய்ச்சேல்ல. போன உடனே பால் விடாத பிளேன்ரீதான். நான் எத்தினையோ வீட்டில பால் பொங்க வைச்சிட்டன், தாரிகா. என்ர வீட்டில ஒரு நாளும் பொங்கேல்ல."

"இப்ப என்ன செய்யப் போறீங்கள்?"

"பெரிசா ஒண்டுமில்லை. குடிபுகுற அண்டைக்கு அடுப்பு வேலை செய்யாது. அவ என்னட்ட வருவா. நான் அம்மாவுக்குக் கோல் எடுத்துக் குடுப்பன். பால் காய்ச்சவோ எண்டு அவ என்ர அம்மாட்டக் கேக்கவேணும். அம்மா ஓம் எண்டு சொல்லுவா. நான் அலுமாரியைத் திறப்பன். அவ்வளவுதான்."

அந்தச் சாவியை என்னிடமே தந்துவைத்தார். தன் கையில் இருந்தால் இடையில் மனம் மாறிவிடும் என்றார். நான் வாங்கிக் கைப்பைக்குள் போட்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த நாளைப் பார்க்கவேண்டும் போலிருந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மகன் அனுப்பிய பாத்திரப் பெட்டி ஒருகொடவத்தையில், அப்பா வேலை செய்யும் யார்டில், வந்து கிடந்தது, அன்ரியே சொன்னார். அப்பாவிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் அதை நேரத்துக்கு எடுத்திருக்கலாம். கௌரி அக்கா கேட்கச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வேலையில் கௌரி அக்கா ஒரு குறையும் வைக்கவில்லை. அன்ரி குனியாமல் எடுக்க இடுப்பு உயரத்தில் இழுப்பறைகள். இரவில் எழும்பினால் தானாக எரியும் சின்ன வெளிச்சம். கடல் உப்பில் துருப்பிடிக்காத கைபிடிகள். சாமி அறைக் கதவில் மணிகள். வெறுக்கிற ஒருவருக்கு இவ்வளவு வசதியாக வீடு செய்யலாமா என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டபோது, "வீடு வேற, ஆள் வேற," என்றார்.

குடிபுகுதல் ஒரு வெள்ளிக்கிழமை. நல்ல நேரம் ஒன்பது நாற்பதிலிருந்து பத்து இருபது வரை, பத்தரைக்கு ராகுகாலம். ஐயர் பூசையை முடித்துவிட்டு இன்னொரு வீட்டுக்கு ஓடியிருந்தார். உறவினர்கள் இருபத்தைந்து பேர் வரை சமையலறை வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அன்ரி மஞ்சள் இலை கட்டிய பித்தளைப் பானையைக் கறுப்புக் கண்ணாடி மேல் வைத்து, பாலை ஊற்றி, பொத்தானை அழுத்தினார்.

அடுப்பு மூன்று முறை கூவிவிட்டு அணைந்தது.

மறுபடி அழுத்தினார். மறுபடி கூவியது.

"கரண்ட் இல்லையோ?"

"லைற் எரியுதே!"

"பொத்தானை அமத்திப் பிடியுங்கோ மாமி, என்ர மகளின்ரயும் இப்பிடித்தான்."

"உன்ர மகளின்ரது ரைஸ் குக்கர்!"

யாரோ சிரித்தார்கள். அன்ரி சிரிக்கவில்லை. திரையில் இருந்த கார்த்திகனுக்குத்தான் முதலில் விளங்கியது. "அம்மா, பித்தளை இதில வேலை செய்யாது! வேற சட்டி வையுங்கோ."

"இந்தப் பானை மூண்டு வீட்டில பொங்கினது. வேற சட்டி வைக்கமாட்டன்."

நேரம் ஓட, அந்தப் பிடிவாதம் தளர்ந்தது. கீழ் வீட்டிலிருந்து ஒரு சட்டி வந்தது. அலுமினியம். அதற்கும் அடுப்பு கூவியது. பல்கனியில் கல் வைத்து மூட்டலாம் என்றார் ஒருவர். புகை மணி அடித்தால் முழுக் கட்டடமும் இறங்கி ஓடும் என்றார் மற்றவர். கீழ் வீட்டுக் காஸ் அடுப்பில் காய்ச்சலாம் என்று ஒரு பெண் சொன்னதும் அன்ரி திரும்பி முறைத்தார். "ஆற்றையோ வீட்டில என்ர பால் பொங்கிறதோ?" கடைசியில் ஒரு மருமகனைக் காஸ் அடுப்பு வாங்க காலி வீதிக்கு ஓடவிட்டார்கள்.

"ஏன் ஒருத்தரும் இதை எனக்குச் சொல்லேல்ல?" என்று திரையில் கார்த்திகன் கத்தினார்.

"நீங்கள் சைன் பண்ணின பேப்பரில மூண்டாம் பக்கத்தில இருக்கு, அண்ணா," என்றார் கௌரி அக்கா. சுவரோடு சாய்ந்து, கை கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

அன்ரி அவர் பக்கம் வந்தார். நெற்றியில் வியர்வை, சந்தனம் கரைந்து கண்ணாடி வரை இறங்கியிருந்தது. "பிள்ளை, நீர்தானே செய்தனீர். ஏதாவது வழி செய்யும்."

"வழி இருக்கு அன்ரி. அந்த அலுமாரிக்குள்ள காஸ் அடுப்பு இருக்கு. சிலிண்டரும் போட்டிருக்கிறன்."

"அப்ப திறவுமன்!"

"ஒராளிட்டக் கேக்கவேணும்."

"ஆரிட்ட?"

"இந்த பல்கனிக்குக் கீழதான் உங்கட அனெக்ஸ் இருந்தது. அதில பால் காய்ச்சின ஒராள்."

அன்ரி வெறித்துப் பார்த்தார். "அனெக்சில எத்தினையோ பேர் இருந்தவை, பிள்ளை."

"பால் காய்ச்சினது எத்தினை பேர்? நீங்கள் கானுக்குள்ள ஊத்தினது எத்தினை பேரின்ர பால்?"

அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, கௌரி அக்காவின் முகத்தை முதல்முறையாக உண்மையாகவே பார்த்தார்.

"தையல் மெசினோட வந்தவ," என்றார் மெதுவாக. "மனுசன் செத்தது."

"அவதான் என்ர அம்மா."

கௌரி அக்கா தொலைபேசியில் அம்மாவின் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டு நீட்டினார். நேரம் பத்து ஐந்து. மறுபக்கம் மெசின் ஓடும் சத்தம் கேட்டது. அன்ரி கேட்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். கேட்டார்.

"தங்கச்சி, நான் வெள்ளவத்தை அன்னபாக்கியம். புது வீட்டில நிக்கிறன். பால் காய்ச்சவோ?"

மெசின் நின்றது.

நான் கைப்பைக்குள் கையை விட்டுச் சாவியைப் பிடித்துக்கொண்டேன். இனி அம்மா ஓம் என்பார், சிலபேர் அழுவார்கள், நான் அலுமாரியைத் திறப்பேன். அம்மாமார் மன்னித்துவிடுவார்கள் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்களோ தெரியாது. ஆனால் அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

"இப்ப நேரம் என்ன?" என்றது அந்தக் குரல்.

"பத்து ஆறு."

"நல்ல நேரம் எத்தினைக்கு முடியுது?"

"பத்து இருபதுக்கு, தங்கச்சி."

"அப்ப பத்தரைக்கு எடுங்கோ. யோசிச்சுச் சொல்லுறன்."

தொலைபேசி துண்டிக்கப்பட்டது.

கௌரி அக்காவின் வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது. இது அவருடைய திட்டத்தில் இல்லை. என்னைப் பார்த்தார். சாவி என் உள்ளங்கையில் இருப்பது அவருக்குத் தெரியும். நான் எடுத்துத் திறந்திருந்தால் தடுத்திருக்கமாட்டார் என்று இப்போதும் நினைக்கிறேன். இரண்டு அடிதான் தூரம். பத்தொன்பது வருடம் ஒரு மனுசி மெசினுக்கு முன்னால் இருந்து வைத்திருந்த கோபத்தை, மூன்று வருடம் சடங்குகளைப் படித்த நான் திறந்து விடுவதா? அல்லது அப்படிச் சொல்லி என்னை நான் நியாயப்படுத்துகிறேனா? கௌரி அக்கா மெதுவாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நான் கையை வெளியே எடுத்தேன். வெறும் கை.

பத்து இருபது ஆனது. ஆட்கள் ஒவ்வொருவராகச் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தார்கள். திரையில் கார்த்திகன், "அம்மா, அவையை வெளியில போகச் சொல்லுங்கோ," என்றார். அன்ரி தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தார். பானைக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

பத்தரைக்கு அன்ரியே கையை நீட்டினார். "எடும்."

மறுபக்கம் உடனே பதில் வந்தது. தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கவேண்டும்.

"இப்ப காய்ச்சுங்கோ, அக்கா."

"ராகுகாலத்தில நான் காய்ச்சமாட்டன், தங்கச்சி."

"அது உங்கட விருப்பம்."

அன்ரி எழும்பினார். சேலைத் தலைப்பால் பானையின் கழுத்தைப் பிடித்தார். பானை சூடாக இருக்கவில்லை, பழக்கத்தில் அப்படிப் பிடித்தார். கௌரி அக்கா தேடித்தேடி எடுத்துக் கொடுத்த புதுச் சிங்குக்குள் பாலை முழுவதும் ஊற்றினார். கடைசிச் சொட்டு வரை கௌரி அக்கா கண் இமைக்காமல் பார்த்தார். பன்னிரண்டு வயதில் அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

அன்ரி வெறும் பானையைத் திருப்பி அடுப்பில் வைத்தார். "அண்டைக்கு அரை லீற்றர்தான் இருந்தது," என்றார், எங்களைப் பார்க்காமல். "இது ரெண்டு லீற்றர். போங்கோ."

படியில் இறங்கும்போது அந்த மருமகன் காஸ் அடுப்பைத் தோளில் சுமந்துகொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தார். "நேரம் இருக்கோ?" என்று கேட்டார். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம்.

கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் வழியில் கௌரி அக்கா முச்சக்கரவண்டியை நிறுத்தி ஒரு பைக்கற் பசும்பால் வாங்கினார். வீட்டில் அம்மா திரைச்சீலை விளிம்பு மடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"காய்ச்சினவவோ?"

"இல்லை."

"பின்ன?"

"ஊத்திப்போட்டா. தன்ர கையாலயே. சிங்குக்குள்ள."

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "எல்லாத்தையுமோ?"

"ஓம், எல்லாத்தையும்."

கௌரி அக்கா அடுப்படியில் ஒரு சட்டியை வைத்து, பால் பைக்கற்றை அதற்குள் வைத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா சட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மெசினுக்குத் திரும்பினார்.

"நாளைக்குப் போய் அந்த அலுமாரியைத் திறந்து சாவியைக் குடுத்திட்டு வா," என்றார். "வேலையைக் குறையில விடக்கூடாது."

"சரி அம்மா."

"அந்தப் பாலில தேத்தண்ணி போடு. இந்தப் பிள்ளைக்குச் சீனி கூட."